முப்பதாவது கட்டை

லோரென்ஸ் வைட்லிங்கை அடக்கம் பண்ணிவிட்டு ஊர்ச்சனம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த பிறகும், அவன் சாகும்போது அழுத்திப் பிடித்திருந்த ஆர்கன் கட்டை மேலே எழும்பவில்லை. தேவாலயத்து ஆர்கன் அந்த ஒரே ஸ்வரத்தை விடாமல் பாடிக்கொண்டிருந்தது. மண் அள்ளிப்போட்ட கையைக் கழுவிக்கொண்டு, சாவு வீட்டில் வழக்கமாகக் கொடுக்கிற காப்பியையும் சர்க்கரை தூவிய கேக்கையும் வாங்கிக்கொண்டு, ஜனங்கள் அதைக் கேட்டபடி நின்றார்கள். "ஈரம்தான், வேறென்ன, வெயில் வந்தா நின்னுடும்" என்றார் ரொட்டிக்கடை ஹாக்கே. எல்லோரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். செத்தவனின் அக்கா ஒட்டீலியாவும் ஆட்டினாள். அது ஈரமில்லை என்று அந்த ஊரிலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

துரிங்கியா மலைக்காட்டின் மடிப்பில், பனி முதலில் இறங்கிக் கடைசியில் ஏறிப்போகிற இடத்தில் இருந்தது டிஸ்டல்பாக். அறுபது வீடு, ஒரு ஓடை, ஒரு ரொட்டிக்கடை, ஒரு தேவாலயம், ஐந்து தலைமுறையாக ஆர்கன் செய்கிற ஒரு குடும்பம். ஆர்கனை வாத்தியம் என்றுதான் உலகம் சொல்லும். வைட்லிங் குடும்பத்துக்கு அது ஆள் புழங்குகிற வீடு. உள்ளே போகப் பின்பக்கம் ஒரு குட்டைக் கதவு, ஏற ஏணி, நிற்கப் பலகை, பலகைக்கு இருபுறமும் ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த குழல்கள், ஆள் உயரத்திலிருந்து விரல் நீளம்வரை வரிசை வரிசையாக. முன்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் ஒரு கட்டையை அழுத்தினால், துருத்தியின் காற்று அந்தக் கட்டைக்குரிய குழலுக்குள் ஏறி, அது வாய்திறந்து பாடும்.

செய்வதற்கு எத்தனை பேர் ஆனாலும் சரி, சுருதி சேர்க்க இரண்டு பேர், கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஒருவர் வெளியே கட்டையைப் பிடிக்க வேண்டும். ஒருவர் உள்ளே குழலருகே நிற்க வேண்டும். சேர்த்து முடித்த குழல் ஒன்றும் சேர்க்காத குழல் ஒன்றும் ஒரே கட்டைக்கு ஒன்றாகப் பாடும்போது, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒலி அலையடிக்கும், காற்றில் ஆடுகிற கயிற்றுக்கொடி மாதிரி. உள்ளே இருப்பவர் பித்தளைக் கூம்பால் குழலின் மேல்விளிம்பை விரித்தோ குறுக்கியோ அலையை அடக்கிவிட்டு "அடுத்தது" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் வரும்வரை வெளியே இருப்பவர் விரலை எடுக்கக் கூடாது. கூரை தீப்பிடித்தாலும் எடுக்கக் கூடாது. நெப்போலியனின் குதிரைப்படை தேவாலயத்துக்குள் குதிரை கட்ட வந்தபோதுகூட வைட்லிங் ஒருவர் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார் என்றும், பொறுக்க முடியாமல் வெளியே போனது குதிரைகள்தான் என்றும் வீட்டில் சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. வைட்லிங்குகளுக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது. சொல்லக் கஷ்டமான எதையும், சுருதி சேர்க்கும்போது, நடுவில் குழல்களின் சுவரை வைத்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஒட்டீலியாவின் பெரியப்பா உள்ளேயிருந்தபடி, வெளியே கட்டை பிடிக்க வந்த தச்சர் மகளிடம் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார். அவள் சரி என்று சொல்லும்வரை "அடுத்தது" சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் ஒரே ஸ்வரம் கேட்டதாக ஊரில் சொல்வார்கள். அம்மாவுக்கு வந்தது ஆறுகிற நோயில்லை என்று அப்பா பிள்ளைகளிடம் சொன்னதும் அப்படித்தான், பன்னிரண்டாவது கட்டைக்கும் பதிமூன்றாவது கட்டைக்கும் நடுவில். சொல்லிவிட்டு அதே குரலில் "அடுத்தது" என்றார்.

ஒட்டீலியா உள்ளே, தம்பி லோரென்ஸ் வெளியே என்று இருபத்தாறு வருஷம் வேலை செய்தார்கள். இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மலையில் நாற்பது தேவாலயம் இருந்தது. ஒரு சுற்று முடித்து வரும்போது முதல் ஆர்கன் சுருதி கலைந்து காத்திருக்கும். அவன் தும்மலை வைத்து இது ஜலதோஷமா தூசியா என்று சொல்லுவாள் அவள். கட்டையைப் பிடித்திருக்கும் அவன் கையை மட்டும் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கிற இடத்தில் அவளுக்கு வேலை இல்லை.

அக்டோபரில் ஒரு காலை, சொந்த ஊர் ஆர்கனில், ஐம்பத்து நான்கு குழல் கொண்ட வரிசையில் இருபத்தொன்பது முடிந்து முப்பதாவது பாடிக்கொண்டிருந்தது.

"அக்கா."

"அலையடிக்குது. பொறு."

"அது இல்லக்கா. நான் ஒண்ணு சொல்லணும்."

கூம்பைத் தூக்கின கையோடு அவள் நின்றாள்.

"வசந்தத்துல நான் லோயன்ஸ்டட் போயிடறேன். தபாலாபீஸ் கெர்லிண்டெ இருக்காளே, அவளைக் கட்டிக்கறேன். அங்கேயே ஒரு மரக்கடையில வேலை பேசியாச்சு."

துருத்திக்கு வேண்டிய தோலும் கம்பளித்துணியும் பார்சலில் வந்திருக்கிறதா என்று பார்க்க வாரத்துக்கு ஒருதரம் டவுன் தபாலாபீஸுக்கு ஓடினானே, வராத பார்சலுக்கும் ஓடினானே என்று ஒட்டீலியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கூம்பைப் பலகைமேல் வைத்தாள். "அடுத்தது" சொல்லவில்லை. குட்டைக் கதவைத் திறந்து, கோபுரப் படியில் இறங்கி, புல்வெளியைக் குறுக்கே கடந்து வீட்டுக்குப் போய், உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். சமையலறை ஜன்னல் வழியே அந்த ஸ்வரம் மெதுவாக அலையடித்துக்கொண்டே வந்தது. பிடித்துக்கொண்டு உட்காரட்டும் என்று நினைத்தாள். சூப் கொதித்தது, ஆறியது. மூன்று மணிக்குக் கோபம் போய்விட்டது, வீம்பு மட்டும் இருந்தது. நான்கு மணிக்கு அதுவும் பாதியாகி, மேலே சால்வையைப் போட்டுக்கொண்டு, ஐந்து மணிக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள். ஐந்துக்கு மணியடிக்கப் போன கோயில்பிள்ளை ஓஸ்வின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்.

இதயம் என்றார் டாக்டர். மத்தியானமே போயிருக்கும் என்றார். விரலைப் பிரித்து எடுத்தது ஓஸ்வின். விரல் வந்தது, கட்டை வரவில்லை.

முதல் வாரம் ஊர் அதோடு சண்டை போட்டது. துருத்திக்குக் காற்றடிக்கிற மோட்டாரை நிறுத்திப் பார்த்தார்கள். குழல் வாயில் கம்பளிக் காலுறையைத் திணித்துப் பார்த்தார்கள். ஓஸ்வின் உள்ளே ஏறிக் குழலையே உருவி எடுத்தார்; அது அவர் கையிலும் பாடியது, கோட்டுக்குள் மறைத்துப் பார்த்தபோது கோட்டுக்குள்ளும் பாடியது. விழித்துக்கொண்ட பிள்ளையைத் தொட்டிலில் திரும்பப் போடுகிற மாதிரி மெல்ல அதன் துளையிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தார். தலைநகரத்துச் சபை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி படிவத்தோடு வந்து மூன்று நாள் தங்கினார். பழுது: நிற்காத ஸ்வரம். காரணம்: தெரியவில்லை. தொந்தரவு என்ற கட்டத்தில் முதல்நாள் 'அதிகம்' என்று எழுதி, மூன்றாம் நாள் அதை அடித்து 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

அதன் பிறகு சண்டை ஓய்ந்தது. மனுஷர் எதோடும் வாழப் பழகிவிடுவார்கள். டிஸ்டல்பாக் அதோடு சௌகரியமாகவே வாழப் பழகிவிட்டது. அந்த ஸ்வரம் ஒரு மூச்சுக்கு ஓர் அலை என்று ஏறி இறங்கியதால், ஊர் முழுக்க அறியாமலே அதன் தாளத்தில் மூச்சுவிட ஆரம்பித்தது. மாடுகள் அலைக்கு அலை அசைபோட்டன. ஹாக்கே மாவு பிசைவதை அலை எண்ணித்தான் நிறுத்துவார்; முன்னூறு அலை என்றால் கறுப்பு ரொட்டி, இருநூறு என்றால் வெள்ளை. அந்த ஸ்வரத்தோடு சேராத ஞானப்பாட்டுகளைப் போதகர் க்ளெம் பாட்டுப் புத்தகத்தில் ஊசிநூலால் தைத்து மூடினார். அந்த வருஷங்களில் பிறந்த பிள்ளைகள் சரியாக அதே ஸ்வரத்தில் அழுதன, தொட்டிலை ஆட்டாமலே தூங்கின, அலையே ஆட்டியது. பக்கத்து ஊர்ச் சந்தையில் டிஸ்டல்பாக்காரர்களைப் பேச்சை வைத்தே கண்டுபிடித்தார்கள். கோபித்தாலும் கொஞ்சினாலும் எல்லாம் ஒரே சுருதியில் வரும். கண்ணாடி ஆலைக்கு வேலைக்குப் போன வாலிபர்கள் அங்கே தூக்கம் வராமல், சுவரில் காதை வைத்துப் பார்த்து, ஒரு மாதத்தில் இளைத்துத் திரும்பி வந்தார்கள். கல்யாணத்துக்கு வெளியூர்ப் பெண்ணைப் பேசப் போனால், பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி: "அந்த ஸ்வரம் எங்க பிள்ளைக்கு ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும் ஒத்துக்கும், முதல் வாரம் தலைவலிக்கும், அப்புறம் அது இல்லாட்டிதான் தலைவலிக்கும்" என்பார்கள்.

ஒட்டீலியா மாத்திரம் அதன் தாளத்தில் மூச்சுவிடப் பழகவில்லை. அது தம்பி, தம்பியின் மூச்சில் அக்கா மூச்சுவிட முடியுமா? காலையில் ஜன்னலைத் திறந்து அதற்கு வணக்கம் சொல்லுவாள். ஓக் பலகை வந்துச்சுடா, உள்ளே ஈரம், ஆறு மாசம் காயப்போடணும் என்பாள். வெள்ளீயம் வார்த்தேன், மேஜையில ஒரு ஓரமா ஓடிப்போச்சு, உன் பக்கம்தான் எப்பவும் சாய்வு என்பாள். பட்டறையில் ரம்பத்தை நிறுத்தினால் அது கேட்கும், அதற்காகவே அடிக்கடி நிறுத்துவாள். வெளியூர் ஆர்கன்களுக்குக் கட்டை பிடிக்க ஆள் வைத்துப் பார்த்தாள். வந்தவர்கள் எல்லாம் கொட்டாவி விட்டார்கள், மூக்கைச் சொறிய விரலை எடுத்தார்கள். கடைசியில் தானே ஈயக்கட்டி ஒன்று வார்த்துக் கட்டைமேல் வைத்துவிட்டு, தானே உள்ளே போய்ச் சேர்த்து, வெளியே வந்து அடுத்த கட்டைக்கு நகர்த்தி, மறுபடி உள்ளே போனாள். ஒரு ஆர்கனுக்கு ஆயிரம் தடவை ஏணி. ஈயக்கட்டி விரலை எடுக்காது, சரிதான், தும்மவும் தும்மாது. பழக்க தோஷத்தில் உள்ளேயிருந்து "அடுத்தது" என்று குரல் கொடுத்துவிட்டு, வெறும் தேவாலயம் அதைத் திருப்பிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

சொந்த ஊர் ஆர்கனுக்குள் மட்டும் அவள் போகவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அவன் விடுவான். விட்டால் போய்விடுவான். அதனால் மூன்று வருஷம் அந்த வார்த்தையைச் சொந்த ஊரில் அவள் வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை. ரொட்டிக்கடை வரிசையில் ஹாக்கே "அடுத்தது யாரு?" என்று கேட்கும்போதெல்லாம், ஸ்வரம் நின்றுவிட்டதா என்று அவள் வாசலுக்குப் போய்க் காதுகொடுத்துவிட்டு வருவாள்.

மூன்றாவது இலையுதிர் காலத்தில், காலை பஸ்ஸிலிருந்து பச்சைத் தொப்பியும் குடையுமாக ஒரு பெண் இறங்கி, யாரையும் வழி கேட்காமல் பட்டறைக்கு வந்தாள். தபாலாபீஸ் கெர்லிண்டெ. சவ அடக்கத்தன்று கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனவள். அன்று யாரும் அவளிடம் நீ யார் என்று கேட்கவில்லை, ஒட்டீலியாவும் சொல்லவில்லை.

"உக்காரலாமா, வைட்லிங் அம்மா?"

"உக்காருங்க. காப்பி போடறேன்."

"போடுங்க. ஆனா காப்பிக்கு வரலை. ஒண்ணு கேட்கணும், கேட்டுட்டு சாயங்கால பஸ்ல போயிடறேன்." குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். "அது அவர்தானே?"

"எது?"

"இப்போ இந்த ஜன்னல் வழியா வருதே, அது."

"காத்துப் பெட்டியில மரம் ஊறிப்போய்..."

"வைட்லிங் அம்மா, நான் இருபது வருஷமாத் தபாலாபீஸ்ல உக்காந்திருக்கேன். ஒட்டின உறையை வெளிச்சத்துல பிடிக்காமலே உள்ளே இருக்கறது நல்லதா கெட்டதான்னு சொல்லுவேன். என்கிட்டப் போய் மரம் ஊறிப்போச்சுங்கறீங்க."

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, ஒட்டீலியா எல்லாவற்றையும் சொன்னாள். முப்பதாவது கட்டை, கூம்பைக் கீழே வைத்தது, உருளைக்கிழங்கு, ஐந்து மணி. நடுவில் குழல்களின் சுவர் இல்லாமல் ஒரு வைட்லிங் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அடுப்பைத்தான் சுவராக வைத்துக்கொண்டாள். கெர்லிண்டெ அழவில்லை. "எந்தக் கை?" என்றாள்.

"என்னது?"

"எந்தக் கையால பிடிச்சிருந்தார்?"

"வலது."

"வலது தோள்தான் அவருக்கு வலிக்கும். பலகை விழுந்து அடிபட்டது. மழை வந்தா அந்தக் கையைத் தூக்கவே முடியாது, ஞாயித்துக்கிழமை வந்தா நான்தான் கற்பூரத் தைலம் தேய்ச்சுவிடுவேன். உங்களுக்குத் தெரியாதா?"

ஒட்டீலியாவுக்குத் தெரியாது. அவன் தும்மல் தெரியும், தோள் தெரியாது.

"மூணு வருஷமா மனுஷன் கையைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்" என்றாள் கெர்லிண்டெ. "நீங்க ஜன்னலைத் திறந்து வணக்கம் சொல்லிட்டு இருக்கீங்க."

காப்பியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். வாசலில் குடையை விரித்துக்கொண்டு, "நான் திட்ட வரலை" என்றாள். "திட்டணும்னா கார்டுல எழுதிப் போட்டிருப்பேன், வழியில நாலு பேர் படிச்சிருப்பாங்க." பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்துப் போனாள், அவள் நடையும் ஊர் எல்லைவரை அந்த அலைக்குத்தான் விழுந்தது.

மறுநாள் காலை ஒட்டீலியா கோபுரப் படியேறிக் குட்டைக் கதவைத் திறந்தாள். உள்ளே குழல்களின்மேல் மூன்று வருஷத் தூசி. முப்பதாவது மட்டும் பளிச்சென்று இருந்தது, பாடுகிற குழலில் தூசி தங்காது. ஒன்றரை அடிக் குழல். கூம்பை எடுத்து அதன் விளிம்பில் வைத்து மெல்ல ஒரு தட்டு தட்டினாள். அலை நீண்டது. இன்னொரு தட்டு. இன்னும் நீண்டது. மூன்றாவது தட்டில் அலை அடங்கி, ஸ்வரம் உழவு சால்போல நேராக நின்றது.

ஊரில் ஹாக்கே மாவில் கையை வைத்தபடி நின்றார். அசைபோட்ட மாடுகள் வாயை நிறுத்தின. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவர்கள் அப்படியே இருந்தார்கள். எல்லோரும் அடுத்த மூச்சை எப்போது இழுப்பது என்று தெரியாமல் ஒரு கணம் தவித்து, பிறகு அவரவர் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். உள்ளே ஒட்டீலியா பலகையைப் பிடித்துக்கொண்டு, தம்பி, கேட்குதா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, வாய்விட்டுச் சொன்னாள்:

"அடுத்தது."

முப்பதாவது நின்றது. முப்பத்தொன்றாவது எழுந்தது. இடையில் விரல் நகர்கிற நேரம், அவ்வளவுதான், அவன் எப்போதும் எடுத்துக்கொள்கிற நேரம்.

பத்து நிமிஷத்தில் பாதி ஊர் தேவாலயத்துக்குள் இருந்தது. மேல்மாடத்து ஆர்கன் பெஞ்சில் ஆளில்லை; ஒரு கட்டை தானாக அமுங்கியிருந்தது, நேற்று அமுங்கியிருந்ததற்கு அடுத்த கட்டை. போதகர் க்ளெம் கீழேயிருந்து அண்ணாந்து, "வைட்லிங் அம்மா, மேலே என்ன பண்றீங்க?" என்றார்.

"சுருதி சேர்க்கறேன்."

"யாரோட?"

"தம்பியோட."

போதகர் யோசித்தார். அதில் வேதத்துக்கு விரோதமாக ஒன்றும் அவருக்குத் தட்டுப்படவில்லை. "எத்தனை நாள் ஆகும்?"

"இருபத்து நாலு குழல் இருக்கு. நாளுக்கு ஒண்ணு."

"நாளுக்கு ஒண்ணா?" என்றார் ஹாக்கே. "ஒரு காலையில நூறு முடிக்கிற குடும்பமாச்சே நீங்க!"

மறுபடி கேட்க ஹாக்கே வாயைத் திறந்தார். ஓஸ்வின் அவர் காலை மிதித்தார்.

"அதெல்லாம் முடிஞ்சப்புறம்?" என்று கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி கேட்டாள்.

"அப்புறம் ஒண்ணும் இருக்காது."

"ஐயோ, இவ எப்படித் தூங்குவா?"

"எல்லாப் பிள்ளைகளும் தூங்கற மாதிரிதான்" என்றார் போதகர். "நீ ஆட்டணும்."

அப்படியாக ஊர் இருபத்து நான்கு நாளும் ஸ்வரத்தின் பின்னாலேயே படியேறியது. நாளுக்கு ஒரு படி. பேச்சு ஏறியது, வசை ஏறியது, சேவல் கூவுவதும் ஏறியது. போதகர் தைத்து மூடிய பாட்டுகளைப் பிரித்தார், மறுநாளே வேறு பாட்டுகளைத் தைத்தார். பதினைந்தாம் நாள் ஞாயிறு ஆராதனையில் நரகத்தைப் பற்றிப் பேச எழுந்தவர் வாயிலிருந்து சிட்டுக்குருவிக் குரல் வந்தது; சபை சிரித்தது, அவரும் சிரித்துவிட்டு, நரகத்தை விட்டுவிட்டு, இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கின கானாவூர்க் கல்யாணத்துக்குப் போனார். இருபதாம் நாளோடு ஓஸ்வின் பேசுவதை விட்டுவிட்டுக் கையைக் காட்ட ஆரம்பித்தார். இந்த வயசில் தன்னால் அந்த உயரம் ஏற முடியாது என்பதையும் கையாலேயே சொன்னார்.

உள்ளே, நாளுக்கு ஒன்றாக, அக்கா தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டில் இருந்துகொண்டேதான் வரவில்லை என்றாள். சூப்பை உனக்காகத்தான் இரண்டாம் தரம் சுடவைத்தேன் என்றாள். நீ போனால் என்னோடு பேச இந்தக் குழல்களைத் தவிர ஆளில்லை என்றுதான் நினைத்தேன், உன்னை நினைக்கவில்லை என்றாள். தோள் வலித்தால் சொல்லித் தொலைக்கக் கூடாதா, கட்டை பிடித்துக்கொண்டே சொல்வதுதானே என்று ஒருநாள் கோபித்தாள். "கெர்லிண்டெ வந்தா" என்றாள் இருபத்திரண்டாம் நாள். "நல்ல பொம்பளை. வாய்தான் கொஞ்சம் நீளம். உனக்கு அது வேண்டியதுதான்." தலையைக்கூட அசைக்காமல் உட்கார்ந்து கேட்கிறவனைப்போல, ஸ்வரம் மட்டும் நேராக நின்றது. ஒவ்வொரு நாளும் சேர்த்து முடித்த பிறகும் சாயங்கால மணி அடிக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். அவன் தோள் வலிப்பது தெரிந்தும் உட்கார்ந்திருப்பாள். இன்னும் பதினொன்று, இன்னும் ஆறு, இன்னும் இரண்டு.

லோயன்ஸ்டட்டுக்கு ஒரு கார்டு போட்டாள். அதில் தேதியைத் தவிர ஒன்றும் எழுதவில்லை.

இருபத்து நான்காம் நாள் காலை, முன்வரிசை பெஞ்சில் பச்சைத் தொப்பியோடு கெர்லிண்டெ உட்கார்ந்திருந்தாள். ஊர் வெளியே புல்வெளியில் நின்றது. உள்ளே வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் வரவில்லை. ஒட்டீலியா ஏணியேறி, "அடுத்தது" என்றாள். ஐம்பத்து நான்காவது எழுந்தது, விரல் நீளக் குழல், வெட்டுக்கிளி அளவு குரல். அதைச் சேர்க்கக் கூம்பு வேண்டாம். உள்ளங்கைச் சூடு பட்டாலே அது சுருதி மாறும். கொஞ்ச நேரம் பக்கத்தில் கையை வைத்திருந்தாள். அலை அடங்கியது.

வரிசை முடிந்துவிட்டது. இனிமேல் அடுத்தது என்று சொல்ல அடுத்தது இல்லை. அவன் பிடித்தபடி இருந்தான்.

அதுவரை ஒரு வைட்லிங்கும் செய்யாததை அன்று ஒட்டீலியா செய்தாள். குழல் பாடிக்கொண்டிருக்கும்போதே குட்டைக் கதவு வழியாக வெளியே வந்தாள். ஆனால் படியில் இறங்கிப் போகவில்லை. ஆர்கனைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, பெஞ்சின் ஓரத்தில், ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். வலது கோடியில் கடைசிக் கட்டை அமுங்கியிருந்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை. அவன் கை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். எவ்வளவு நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்தாள். பிறகு தன் விரலை அந்தக் கட்டையில் வைத்தாள்.

"லோரென்ஸ், எழுந்திரு" என்றாள். "நான் பிடிச்சிருக்கேன்."

ஒரு மயிரிழை, அவ்வளவே, கட்டை அவள் விரலுக்குக் கீழே கனம் மாறியது. பாரம் தூக்குகிற இருவரில் ஒருவர் கையை எடுத்தால் மற்றவருக்குத் தெரியுமே, அப்படித் தெரிந்தது. பெஞ்சுப் பலகை ஒருதரம் கிறீச்சிட்டது.

இப்போது அந்த ஸ்வரம் அவளுடையது. விரலை எடுத்தால் நின்றுவிடும். ஆனால் பிடித்தவர் தானாக எடுக்கக் கூடாது. உள்ளேயிருந்து ஒருவர் சொல்ல வேண்டும். உள்ளே யாரும் இல்லை. நேரம் போயிற்று. ஒட்டீலியாவின் கை மரத்தது, பிறகு வலித்தது, வலி முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறியது. எடுக்க அவளால் முடியவில்லை. இப்படித்தான் உட்கார்ந்திருந்தானா என்று நினைத்தாள், ஐந்து மணிவரை. வெளியே புல்வெளியில் ஊர் நின்றது. குழல்களின் சுவர் அவளுக்கு எதிரே எழும்பி நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து அதை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை, இவ்வளவு உயரமா என்று இருந்தது.

கீழே முன்வரிசையில் பெஞ்சு அசைந்தது. படியில் காலடி ஏறி வந்தது, அவசரமில்லாமல். முதலில் பச்சைத் தொப்பி தெரிந்தது, பிறகு முகம். கெர்லிண்டெ பெஞ்சில் விட்டிருந்த வெற்றிடத்தையும், தனியாக ஓரத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தாள். குடையைத் தரையில் வைத்துவிட்டு, அவள் தோள்மேல் கையை வைத்தாள்.

"போதும்" என்றாள். "விடுங்க, அண்ணி."

ஒட்டீலியா விரலை எடுத்தாள்.